கழிவுக் கூடை

எங்கள் சலவைக்கூடத்துக்கு அந்த டேக் வந்த அன்று நான் அதை நம்பவில்லை. ஒரு மாதம் கழித்துத்தான் நம்பினேன். நம்பாமலே இருந்து தொலைத்திருக்கலாம்.

மூன்று ஆஸ்பத்திரிகளின் துணியை நாங்கள் வெளுக்கிறோம். படுக்கை விரிப்பு, தலையணை உறை, போர்வை, நோயாளிச் சட்டை, ஆபரேஷன் அறையின் பச்சைத் துணி. ஒரு நாளைக்கு ஒன்பதாயிரம் உருப்படி. நான் தையல். கிழிசல் தைப்பது, ஓரம் அடிப்பது, தைக்க லாயக்கில்லாததைக் கிழித்துத் துடைக்கிற துணி ஆக்குவது. பத்தொன்பது வருஷமாக ஒரே மேஜை, ஒரே ஸ்டூல். தையல் மிஷின் மட்டும் மூன்று மாறிவிட்டது.

டேக் என்பது விரல் நீளத்துக்கு ஒரு வெள்ளை நாடா. நடுவில் கடுகளவு ஒரு சில்லு. அதற்கு இரண்டு பக்கமும் மயிர் போலக் கம்பி. ஆர்.எஃப்.ஐ.டி. என்று பெட்டியில் போட்டிருந்தது. கொதிக்கிற தண்ணீரிலும் சாகாது, இஸ்திரி உருளையில் நசுங்கினாலும் சாகாது. துணியின் ஓரத்தை மடித்து உள்ளே வைத்துத் தைத்துவிட வேண்டும். தைத்தபின் கையில் பிடிக்கிற ரீடரை அதன்மேல் காட்டி, விரிப்பா உறையா சட்டையா என்று ஒரு பித்தானை அமுக்கினால், அந்த நம்பர் இன்ன துணி என்று கம்ப்யூட்டரில் ஏறிவிடும்.

சரக்கு வாசலில் இரண்டு பக்கமும் ஆளுயரப் பலகை மாதிரி எதையோ பூட்டினார்கள். பூட்ட வந்தவனுக்கு வாய் ஜாஸ்தி.

"இதுல பேட்டரி கிடையாது, பெரியவரே. சும்மா தூங்கிட்டே இருக்கும். வாசல்ல இருக்கிற ஆண்டெனா ஒரு அலை அனுப்பும். அந்த அலையிலேயே இதுக்கு உயிர் வந்து, தன் நம்பரைச் சொல்லும். சொல்லிட்டு மறுபடி தூங்கிடும்."

"வாசல்ல கேட்டாதான் சொல்லுமா?"

"ரீடர் எங்க இருக்கோ அங்க சொல்லும். உங்களுக்கு எதுக்குங்க அதெல்லாம். இனிமே உங்க துணி ஒண்ணு தொலையாது. எங்க போனாலும் மாட்டிக்கும்."

எனக்கு அவன் கடைசியாகச் சொன்னதுதான் காதில் நின்றது.

முதல் வாரம் நானும் தள்ளுவண்டிக்காரனும் சேர்ந்து அந்த வாசலைச் சோதித்தோம். தள்ளுவண்டிக்காரனை ஒட்டகம் என்றுதான் கூப்பிடுவோம், கழுத்து அப்படி. பையை அவிழ்க்காமலே ஒரு வண்டி உள்ளே வந்தது. திரையில் இருநூற்று நாற்பத்தொன்று என்று விழுந்தது. புடைத்த பை, உள்ளே அழுக்குத் துணி, வெளியே இருந்து எப்படி எண்ணும்? பொய்யாகத்தான் இருக்கும் என்று கையுறை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து எண்ணினோம். இருநூற்று நாற்பது.

"பார்த்தியா, புளுகுது," என்றேன்.

"இருங்கண்ணே," என்று ஒட்டகம் ஒரு நோயாளிச் சட்டையை உதறினான். சட்டைக் கைக்குள்ளிருந்து ஒரு தலையணை உறை விழுந்தது. "மிஷினுக்குக் கண்ணு இல்ல, ஆனா தெரியுது. நமக்கு நாலு கண்ணு இருந்தும் தெரியல."

மாதக் கடைசியில், துணி எடுக்க வந்த ஆஸ்பத்திரி ஆள் ஒருவன் கோட்டுக்குள் இரண்டு போர்வையைச் சுற்றிக்கொண்டு வெளியே நடந்தான். வாசல் கத்தியது. ஆள் அங்கேயே உட்கார்ந்துவிட்டான். அன்றைக்குத்தான் எனக்குள் அது இறங்கியது. மனுஷன் சொல்வதை நான் நம்புகிறவனில்லை. மேலாளர் சொன்னாலும் டாக்டர் சொன்னாலும் ஒன்றுக்கு இரண்டு தரம் கேட்பேன். இது மனுஷனில்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

என் மனைவிக்கு அப்போது மறதி வந்து இரண்டு வருஷம். முதலில் அடுப்பு, பிறகு பெயர்கள், பிறகு வீடு. செருப்பைக் குளிர்பெட்டிக்குள் வைத்துவிட்டு நாள் முழுக்கத் தேடுவாள். மத்தியானம் ஆனால் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்புவாள், அப்பா வீட்டுக்கு பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொண்டு. அவள் அப்பா செத்து முப்பது வருஷம்.

நான் வேலைக்குப் போகும்போது வெளியே பூட்டிவிட்டுப் போவேன். அவள் உள்ளேயிருந்து கதவைத் தட்டுவாள். தட்டித் தட்டி இரண்டு உள்ளங்கையும் வீங்கிக் கிடந்தது. கீழ்வீட்டுக்காரி மாடிப்படியில் என்னை மறித்தாள்.

"மாட்டைக் கட்டினாக்கூட இப்படிக் கட்ட மாட்டாங்க. கேக்க சகிக்கல."

"உன் காதை நீ பொத்திக்கோ," என்றேன்.

மகள் ஆறு மணி நேரப் பயணத் தூரத்தில் இருக்கிறாள். போன் செய்கிறபோதெல்லாம் ஒரே பாட்டு.

"ஒரு பொம்பளையைப் பகல்ல மட்டும் வைங்கப்பா. நான் பார்த்து அனுப்புறேன்."

"வீட்டுக்குள்ள முன்னபின்ன தெரியாதவளை விடணுமா? நகை போகும், பாத்திரம் போகும், உங்கம்மாவை அடிச்சாக்கூட யாருக்குத் தெரியும்?"

"நீங்க பூட்டி வைக்கிறது மட்டும் நல்லா இருக்கா?"

 போனை வைத்துவிட்டேன்.

டேக் ஒரு சுருளில் ஐந்நூறு வரும். ஐந்நூறு நம்பரும் கம்ப்யூட்டரில் முன்னமே இருக்கும். சுருள் முடிந்ததும் எத்தனை கெட்டது என்று கம்ப்யூட்டர் பொண்ணிடம் சொல்ல வேண்டும். ஊசி சில்லின்மேல் இறங்கிவிட்டால் கெட்டதுதான். துணி என்று ஏறாத நம்பரையெல்லாம் அவள் கழிவு என்று போட்டு மூடிவிடுவாள். அந்தச் சுருளில் கெட்டது எட்டு என்றேன்.

"எட்டா? எப்பவும் ரெண்டு மூணுதானே, பெரியப்பா?"

"ஊசி மொட்டையாயிடுச்சு."

"ஊசியா, கண்ணா? கண்ணாடியை மாத்துங்க."

சிரித்துக்கொண்டே எட்டையும் கழிவு என்று போட்டாள். எட்டும் நல்ல டேக். என் சட்டைப்பையில் இருந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டில் என் மனைவியின் உடுப்பில் எட்டைப் பொறுக்கி, ஓரம் பிரித்து உள்ளே வைத்துத் தைத்தேன். கவுன்கள் ஐந்து, ரவிக்கை இரண்டு, அப்புறம் சாம்பல் நிற ஸ்வெட்டர். வெயிலடித்தாலும் ஸ்வெட்டரைக் கழற்ற மாட்டாள். நான் தைப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாருக்குத் தைக்கிறீங்க?"

"உனக்குத்தான்."

"எனக்கு எதுக்கு? நான் இங்க இருந்து போகப் போறேன்."

"அதுக்குத்தான்," என்றேன்.

மறுநாளிலிருந்து பூட்டுவதை விட்டேன். கதவைச் சாத்திவிட்டுப் போனேன். நாலு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. உள்ளங்கை வீக்கம் வற்றியது. நாலு மணிக்கு நான் திரும்பும்போது ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருப்பாள். கீழ்வீட்டுக்காரி என்னிடம் நல்லபடி பேசினாள். நான் கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டேன். உலகத்தில் எங்கே போனாலும் சலவைக்கூடத்துத் திரையில் ஒரு புள்ளி தெரியும், போய்க் கூட்டிவந்துவிடலாம் என்று. நான் நினைத்தது அவ்வளவுதான். யாரிடமாவது கேட்டிருந்தால் இரண்டு நிமிஷத்தில் தெரிந்திருக்கும். கேட்டால் ஏன் கேட்கிறாய் என்பார்கள். எட்டு டேக் வெளியே வரும்.

ஒரு செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு வந்தேன். கதவு அகலத் திறந்து கிடந்தது. கைப்பை இல்லை.

முதல் அரை மணி நேரம் எனக்குப் பயமே வரவில்லை. தெருமுனை, பழக்கடை, பஸ் நிறுத்தம், பூங்கா பெஞ்சு என்று வரிசையாகப் பார்த்தேன். ஆறு மணிக்கு மறுபடி முதலிலிருந்து அதே வரிசையில் பார்த்தேன். இருட்டும்போது போலீஸ் ஸ்டேஷனில் நின்றேன்.

"என்ன உடுத்தியிருந்தாங்க?"

"நீலக் கவுன். சாம்பல் ஸ்வெட்டர்."

"கடைசியா யாரு பார்த்தது?"

"காலையில நான்தான்."

"பூட்டிட்டுப் போக மாட்டீங்களா, பெரியவரே?" என்றான் எழுதிக்கொண்டிருந்தவன். அதையும் எழுதினானோ என்னவோ.

புதன்கிழமை காலை ஆறு மணிக்கே சலவைக்கூடத்தில் இருந்தேன். ஒட்டகம் கழிவுக் கூடையை என் மேஜைப் பக்கம் தள்ளிக்கொண்டு வந்தான். நைந்துபோன துணியின் நம்பரையும் கழிவு என்றுதான் போடுவார்கள். கழிவு நம்பர் வாசலைத் தாண்டினால் திரையில் சிவப்பாக ஒரு வரி விழும். வண்டியை அதற்காக நிறுத்த மாட்டார்கள். பிரிக்கிற இடத்தில் ரீடர் காட்டி அந்தத் துணியைத் தனியாக எடுத்து, வெளுத்து, கூடையில் போட்டு எனக்கு அனுப்புவார்கள். நான் டேக்கை வெட்டியெடுத்துவிட்டுத் துணியைக் கிழிக்க வேண்டும். ஆஸ்பத்திரிப் பையில் எதுதான் வராது? கண்ணாடி வரும், ஒற்றைச் செருப்பு வரும், ஒரு தடவை பல் செட்டே வந்தது.

"அண்ணே, உங்க சொத்து வந்தாச்சு," என்றான் ஒட்டகம். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னண்ணே?" என்றான்.

"ஒண்ணுமில்ல. வச்சிட்டுப் போடா."

கம்ப்யூட்டர் பொண்ணு வருகிறவரை நின்றேன். வந்ததும் சும்மா கேட்பதுபோலக் கேட்டேன்.

"ஏம்மா, ஒரு டேக் இப்ப எங்க இருக்குன்னு இதுல பார்க்க முடியுமா?"

"எந்த டேக்?"

"சும்மா. ஏதோ ஒண்ணு. ஊர்ல எங்கயோ இருக்குன்னு வை."

"ஊர்ல இருந்தா எப்படித் தெரியும்? நம்ம வாசலைத் தாண்டினாதான் தெரியும். அது என்ன செல்போனா?"

"எங்க போனாலும் மாட்டிக்கும்னு அவன் சொன்னானே."

"விக்கிறவன் சொல்லுவான், பெரியப்பா. வாசலை விட்டு ரெண்டு ஆள் தூரம் தள்ளிப் போனா அது வெறும் நாடா."

அவள் மேஜையில் கிடந்த ஒரு டேக்கை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். 

"எதாவது தொலைஞ்சு போச்சா? நம்பர் இருந்தாச் சொல்லுங்க, தட்டிப் பார்க்கிறேன்."

அந்த இடத்தில்தான் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். நாலு மாதம் முன்னால் கழிவு போட்ட எட்டு நம்பர் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் யோசித்தது வேறு. வாசலைத் தாண்டினால்தான் தெரியும் என்கிறாள். என் மனைவி எதற்கு அழுக்குத் துணி வாசலைத் தாண்டப் போகிறாள்? பிறகு எதற்கு இவளிடம் சொல்லி மாட்டிக்கொள்ள வேண்டும்? இவள் மேலாளரிடம் சொல்வாள், அவன் என்னைத் திருடன் என்பான், நான் தெருவில் நிற்பேன்.

"ஒண்ணும் தொலையல," என்றேன்.

மேலாளரிடம் உடம்புக்கு முடியவில்லை என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். கூடை மேஜை பக்கத்திலேயே இருந்தது. அதை நான் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

அன்று முழுக்க நடந்தேன். பஸ் நிலையத்தில் ஒவ்வொரு கண்டக்டரையும் பிடித்துக் கேட்டேன். பக்கத்து ஆஸ்பத்திரி இரண்டில் போய்ப் பெயரைச் சொன்னேன். அந்தப் பெயரில் யாரும் இல்லை என்றார்கள். பெரிய ஆஸ்பத்திரி ஊரின் மறுகோடியில் இருக்கிறது. அவ்வளவு தூரம் இவள் எங்கே நடக்கப் போகிறாள் என்று விட்டுவிட்டேன். பஸ் என்று ஒன்று இருக்கிறது என்பது, நாள் முழுக்க பஸ் நிலையத்தில் நின்ற எனக்குத் தோன்றவில்லை. மகளுக்குச் சாயங்காலம்தான் போன் செய்தேன். அவள் கத்தவில்லை. "விடிஞ்சதும் முதல் பஸ்ல கிளம்புறேன்" என்று மட்டும் சொன்னாள்.

வியாழக்கிழமை காலை போலீஸில் போய் நின்றேன். தகவல் ஒன்றும் இல்லை என்றார்கள். வீட்டில் அந்த ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியவில்லை. மகள் வர இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. சலவைக்கூடத்துக்கே போனேன். கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது. ஸ்டூலில் உட்கார்ந்து கத்தரிக்கோலை எடுத்துக் கூடையை இழுத்தேன். ஒரு விரிப்பு. நடுவில் பொத்தல். டேக்கை வெட்டினேன், கிழித்தேன். இன்னொரு விரிப்பு. ஒரு தலையணை உறை. அதற்கடியில் சாம்பல் நிறம்.

கொதிநீரில் போட்டதில் ஸ்வெட்டர் பாதியாகச் சுருங்கியிருந்தது. சின்னப் பிள்ளை ஸ்வெட்டர் மாதிரி. முன்பக்கம் கத்தரியால் நேராக வெட்டியிருந்தார்கள். கீழ் ஓரத்தைத் திருப்பிப் பார்த்தேன். என் தையல். என் தையலை எனக்குத் தெரியாதா?

கம்ப்யூட்டர் பொண்ணின் மேஜையில் கொண்டுபோய்ப் போட்டேன்.  அவள் ரீடரைக் காட்டினாள்.

"கழிவுன்னு காட்டுது. பழைய சுருள் நம்பர்." என்னை நிமிர்ந்து பார்த்தாள். "இது அந்த எட்டுல ஒண்ணா, பெரியப்பா?"

"ஆமா. எந்தப் பையில வந்துச்சுன்னு பாரு. சீக்கிரம் பாரு. என் பெண்சாதியோடது."

அவள் எதுவும் கேட்காமல் தட்டினாள்.

"பெரிய ஆஸ்பத்திரி. அவசரப் பிரிவுப் பை. செவ்வாய்க்கிழமை சாயங்கால வண்டி. ஆறு இருபதுக்கு வாசலைத் தாண்டியிருக்கு." திரையை என் பக்கம் திருப்பினாள். "நேத்து காலையில நீங்க இங்கதானே நின்னீங்க. அப்பவே இதுல இருந்திருக்கு."

செவ்வாய்க்கிழமை ஆறு இருபதுக்கு நான் பஸ் நிறுத்தத்துக்கும் பூங்காவுக்கும் நடுவில் நடந்துகொண்டிருந்தேன்.

ஒட்டகம் டிரைவரிடம் சொல்லிச் சரக்கு வண்டியில் முன்னால் என்னை ஏற்றி, கூடவே வந்து ஆஸ்பத்திரியில் இறக்கினான்.  

அவசரப் பிரிவிலிருந்து மூன்றாம் மாடிக்குப் போகச் சொன்னார்கள். மூன்றாம் மாடியில் ஒரு நர்ஸ் நான் சொல்வதை முழுக்கக் கேட்டாள். கேட்டு முடித்ததும் என்னை ஒரு நாற்காலியில் உட்காரச் சொன்னாள். உட்காரச் சொன்னபோதே தெரிந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது விழுந்திருக்கிறாள். தலையில் அடி. கைப்பையை யாரோ எடுத்துப் போயிருக்கிறார்கள், அல்லது பஸ்ஸிலேயே போயிருக்கிறது. பெயர் கேட்டதற்குத் தன் அக்கா பெயரைச் சொல்லியிருக்கிறாள். அப்பா பெயர் சொன்னாள், முப்பது வருஷத்துக்கு முந்தின விலாசம் சொன்னாள். அந்த விலாசத்தில் இப்போது பெட்ரோல் பங்க் இருக்கிறது. இவர்கள் போலீஸுக்குச் சொன்னது இந்தப் பக்கத்து ஸ்டேஷனுக்கு. நான் சொன்னது அந்தப் பக்கத்து ஸ்டேஷனுக்கு. அக்கா பெயரில் ஒருத்தியும் இவள் பெயரில் ஒருத்தியும் என்று இரண்டு காகிதம் ஊரின் இரண்டு மூலையில் கிடந்தன.

"எப்ப?" என்றேன்.

"இன்னிக்குக் காலையில. அஞ்சே காலுக்கு." நர்ஸ் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "உள்ள ரத்தக் கசிவு, ஐயா. முன்னாடியே தெரிஞ்சிருந்தாலும் காப்பாத்தியிருக்க முடியாது. மனசைப் போட்டு உழப்பிக்காதீங்க."

"பேச்சு இருந்துச்சா?"

சொல்லலாமா வேண்டாமா என்று அவள் யோசித்தது தெரிந்தது.

"நேத்து முழுக்க பேசிட்டுதான் இருந்தாங்க. அவரு வேலைக்குப் போயிருக்காரு, நாலு மணிக்கு வந்துடுவாருன்னு சொல்லிட்டே இருந்தாங்க. எங்க வேலைன்னு கேட்டோம். துணி தைக்கிறாருன்னாங்க. எந்த இடம்னு சொல்லத் தெரியல. நாலு மணி ஆனதும் எழுந்து உட்காரணும்னு ஒரே பிடிவாதம். தலையணை வச்சு சாய்ச்சு விட்டோம். வாசலையே பார்த்துட்டு இருந்தாங்க."

நேற்று நாலு மணிக்கு நான் பஸ் நிலையத்தில் நின்றிருந்தேன்.

கீழே இருந்த அறைக்குக் கூட்டிப்போய்க் காட்டினார்கள். முகம் சின்னதாக இருந்தது. கையை எடுத்துப் பார்த்தேன். உள்ளங்கையில் ஒரு காயமும் இல்லை. யாரிடம் சொல்ல?

மகள் பன்னிரண்டு மணிக்கு வந்தாள். வீட்டுக்குப் போய், கீழ்வீட்டுக்காரியிடம் கேட்டு, சலவைக்கூடத்துக்குப் போய், அங்கே விஷயம் தெரிந்து வந்திருக்கிறாள். உள்ளே போய் அம்மாவைப் பார்த்தாள். ரொம்ப நேரம் கழித்து வெளியே வந்து பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"உங்க ஆபீஸ் பொண்ணு டேக்கு அது இதுன்னு என்னமோ சொல்லுச்சு. எனக்குப் புரியல. நீங்க எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"ஸ்வெட்டர் கழிவுக் கூடையில வந்துச்சு. அதுல நான் டேக் வச்சிருந்தேன்."

"அந்தக் கூடை எப்ப வந்துச்சு?"

இன்று காலை என்று சொல்லியிருக்கலாம். ஒட்டகம் என்னைக் காட்டிக்கொடுக்கிறவன் இல்லை. அந்தப் பொண்ணும் பாதிதான் சொல்லியிருந்தது.

"நேத்து காலையில," என்றேன். "என் மேஜை பக்கத்துலதான் இருந்துச்சு. நான் பார்க்கல. அந்தப் பொண்ணு நம்பர் சொல்லுங்க, பார்க்கிறேன்னுச்சு. அதையும் சொல்லல."

"ஏன்?"

"திருடின டேக்கு. வேலை போயிடும்னு."

அவள் தலையை மட்டும் ஆட்டினாள், ஏதோ கடைக்காரன் விலை சொன்னதுபோல. எதிரே சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் படிப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுதிருந்தால் தேவலை. திட்டியிருந்தால் இன்னும் தேவலை.

குமாஸ்தா ஒரு காகிதத்தோடு வந்தான்.

"உடலை வாங்க யாரு கையெழுத்துப் போடுறது? புருஷன் இருந்தா புருஷன் போடணும்."

நான் எழுந்தேன். மகள் எனக்கு முன்னால் கையை நீட்டிக் காகிதத்தை வாங்கிக்கொண்டாள்.

"நான் போடுறேன்," என்றாள்.

"இவரு புருஷன் இல்லீங்களா?"

 மகள் பெஞ்சின்மேல் காகிதத்தை வைத்துக் குனிந்து கையெழுத்துப் போட்டாள். குமாஸ்தா என்னைப் பார்த்தான். நான் மறுபடி உட்கார்ந்தேன்.